முக்கால் மணி நேரத் தூரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆரணியில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறதுதான் என் வேலை. எத்தனையோ வருஷமாகக் கம்பத்தில் ஏறி இறங்குகிறேன், சுடுகாட்டை ஒட்டின கம்பத்தில் பொழுது சாய்கிற நேரத்தில் தனியாக உட்கார்ந்து கேபிள் ஒட்டியிருக்கிறேன், அப்போதெல்லாம் பயம் என்று ஒன்று வந்ததே இல்லை, குளவிக்கூட்டைப் பார்த்தால் மட்டும்தான் இறங்கிவிடுவேன். போனில் ஒரு குரல் வந்தால் அது எந்த டவர், எந்தக் கம்பி வழியாக வந்தது என்று யோசிக்கிற புத்தி எனக்கு. அதனால்தான் இதைச் சொன்னால் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரிகிறது. பாருங்கள், பரவாயில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன்.

என் தங்கை கல்பனா. நாங்கள் தறிக்காரக் குடும்பம், வீட்டுக்குப் பின்கட்டில் இன்றைக்கும் இரண்டு பவர்லூம் ஓடுகிறது, அப்பா பார்த்துக்கொள்கிறார். கல்பனாவின் வீட்டுக்காரர் பெயர் முரளி, தேவிகாபுரத்துப் பையன், விவசாயக் குடும்பம். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறம் மேல்படிப்பு என்று கனடா போய் அங்கேயே வேலையும் வாங்கிக்கொண்டார். கனடா என்றால் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிற ஊர் இல்லை. வடக்கே, அதற்கும் வடக்கே, மரமே முளைக்காத பூமி. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் ரோடு கிடையாது, வெறும் பனிதான். ஒவ்வொரு ஊருக்கும் கரண்ட் கொடுப்பது பெரிய பெரிய டீசல் ஜெனரேட்டர். அது நின்றால் ஊரே விறைத்துப்போகும் என்பார். அதை ரிப்பேர் பார்க்கிற வேலை அவருக்கு. எங்கே கூப்பிட்டாலும் கம்பெனி பிடித்துக் கொடுக்கிற சின்ன ப்ளேனில்தான் போய் வர வேண்டும்.

ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கல்பனாவுக்கு "ஏறிட்டேன்" என்று ஒரு மெசேஜ், இறங்கினதும் "இறங்கிட்டேன்" என்று ஒரு மெசேஜ். இரண்டுக்கும் நடுவில் அவள் சாப்பிட மாட்டாள். நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

அவளுக்கு வளைகாப்பு தை மாதத்தில் வைத்தோம், எங்கள் வீட்டில்தான். முரளிக்கு லீவு கிடைக்கவில்லை. பிரசவத்துக்கு வருகிறேன், வளைகாப்புக்கு வீடியோவில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் ரூம் இருக்கிற ஊர் ராங்கின் இன்லெட், அங்கே நெட் ஓரளவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த வாரம் பார்த்து பேக்கர் லேக் என்கிற இன்னொரு ஊரில் ஜெனரேட்டர் ரிப்பேர் என்று அனுப்பிவிட்டார்கள். வேலை முடிந்து கிளம்பப் பார்த்தால் பனிப்புயல். ப்ளேன் கிளம்பவில்லை. அங்கேயே மாட்டிக்கொண்டார். கல்பனா இரண்டு நாளாக அழுத முகம், அவளைத் தேற்றுவதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. அவள் மாமியாருக்கு, அதாவது முரளியின் அம்மாவுக்கு, மகன் முகத்தைக் காட்டாமல் பெண்ணுக்கு வளையல் போடுவதா என்று ஒரு குறை.

வளைகாப்பு அன்றைக்குக் காலையில், நான் டிவியோடு கல்பனாவின் போனை இணைத்து வைத்துக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. புயல் விட்டுவிட்டது, ப்ளேன் தயாராகிறது என்று. அங்கே அப்போது ராத்திரி. நமக்குக் காலை என்றால் அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி. பத்தரைக்குள் வளையல் போட்டாக வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். அதற்குள் மாப்பிள்ளை வந்து சேருவாரா என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். நான் போனை எடுத்து அந்த இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று தேடினேன். தூரம் என்னவோ இங்கிருந்து சென்னை போய்த் திரும்பி வருகிற அளவுதான். முக்கால் மணி நேரம் என்று போட்டிருந்தது. கூடத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன், முக்கால் மணி நேரம்தான், நீங்கள் டிபன் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மாப்பிள்ளை இறங்கிவிடுவார் என்று. கல்பனா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

"ஏறிட்டேன் மச்சான்" என்று எனக்கே மெசேஜ் வந்தது. கூடவே ஒரு போட்டோ. ப்ளேனுக்குள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார், பெரிய கோட்டு, முகத்தை மழமழவென்று ஷேவ் பண்ணியிருக்கிறார்.

வீடு நிறைந்த கூட்டம். தறியை அன்றைக்கு நிறுத்தியிருந்தோம், பந்தலில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று அண்டா அண்டாவாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல்பனாவை நாற்காலியில் உட்காரவைத்துச் சந்தனம் பூச ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் என் சட்டைப் பையில் போன் அடித்தது. "முரளி கனடா" என்று காட்டியது.

நம்பினால் நம்புங்கள், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்னாடியே இறங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கூட்டத்தின் சத்தத்தில் கேட்காது என்று மொட்டை மாடிக்கு ஓடினேன். நல்ல வெயில். பின்தெருவில் வரிசையாக நின்று பட்டுப் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நூல் வெயிலில் பளபளக்கிறது இன்னும் கண்ணில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இருட்டில் எதையோ பார்த்துப் பயந்த கதை இல்லை இது. பட்டப்பகல். கீழே என் சொந்தக்காரர்கள் நூறு பேர் இருக்கிறார்கள்.

போனில் முதலில் வெறும் இரைச்சல். ப்ளேன் ஓடுகிற இரைச்சல். அப்புறம் அவர் குரல், ரொம்பக் களைத்துப்போன குரல்.

"மச்சான், கேக்குதா?"

கேட்கிறது, இறங்கிவிட்டீர்களா என்றேன்.

"இல்ல மச்சான். பறந்துகினுதான் கீறோம்."

ப்ளேனுக்குள் போன் எப்படி என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடியது. வந்தது நெட் கால் இல்லை, நேரான ஐஎஸ்டி. அப்படி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. சரி, ஏதோ புதிய வசதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இருங்கள் மாப்பிள்ளை, கல்பனாவிடம் கொடுக்கிறேன் என்றேன். அவர் அவசரமாக வேண்டாம் என்றார். அவள் பயந்துவிடுவாள், அவளிடம் கொடுக்காதீர்கள் என்றார். பிறகு கேட்டார், குழந்தை பிறந்துவிட்டதா என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்குத்தானே வளைகாப்பு, சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறார்கள் மாப்பிள்ளை என்றேன். இரைச்சல் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, "இன்னிக்கா?" என்றார். "இன்னும் இன்னிக்குதானா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மச்சான், நான் ஏறி எவ்ளோ நேரம் ஆவுது?"

அரை மணிக்கு மேல் ஆகிறது, முக்கால் மணி ஆகியிருக்காது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மூச்சு விடுகிறது கேட்டது. அப்புறம் மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி பேசினார்.

"ஏறசொல்ல ஷேவ் பண்ணிகினு வந்தேன், கல்பனா திட்டுவான்னு. இப்ப தாடி மார் வரைக்கும் வந்துட்டுது மச்சான்."

கிண்டல் பண்ணுகிறாரா என்று பார்த்தேன். கிண்டல் பண்ணுகிற குரல் இல்லை அது. கல்யாணம் ஆனதிலிருந்து அவரோடு பேசிப் பழகியவன், அவர் விளையாடுகிற குரல் எது, கஷ்டத்தை மறைக்கிற குரல் எது என்று எனக்குத் தெரியும். தூங்கித் தூங்கி எழுந்திருக்கிறேன், எத்தனை தடவை என்று தெரியவில்லை என்றார். கீழே ஒரு விளக்கு கூடத் தெரியவில்லை, நிலா மட்டும் ஜன்னலில் அதே இடத்தில் நிற்கிறது என்றார். கூட யாரும் இல்லையா, பைலட்டைக் கேளுங்கள் என்றேன். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னந்தலை தெரிகிறது, எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றார். எழுந்து போய்த் தோளில் கை வைத்துப் பாருங்கள் என்றேன், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

"வெக்கலாம்னு பாதி வரிக்கும் போனேன். திரும்பிட்டாங்கன்னா இன்னா பண்றதுன்னு வந்துட்டேன்."

மூச்சு திணறும் உயரத்தில் சிலருக்கு மூளை குழம்பும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறேன், அதுவாக இருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடிப் படுங்கள் மாப்பிள்ளை, இதோ இறங்கப் போகிறீர்கள், பத்து நிமிஷம் என்றேன். அதற்கு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

"மச்சான், நெஜத்த சொல்லுங்க. நான் அங்க இறங்கிட்டேனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கீழே கூடத்தில் ஒரே சந்தோஷச் சத்தம். மாப்பிள்ளை வந்தாச்சு, மாப்பிள்ளை வந்தாச்சு என்று. போனைக் காதில் வைத்தபடியே படி இறங்கினேன். படியின் கடைசி வளைவில் நின்றால் கூடம் முழுக்கத் தெரியும். நான் இணைத்து வைத்த டிவியில், முகம் நிறையச் சிரிப்போடு, முரளி.

தலையில் குல்லா, புருவத்தில் பனி ஒட்டியிருக்கிறது, முகம் மழமழவென்று இருக்கிறது. பின்னால் ஒரு சின்ன ஏர்போர்ட்டுக் கூடம், இரண்டு மூன்று பேர் பையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கல்பனா ஒரு கையால் கண்ணைத் துடைக்கிறாள், இன்னொரு கையில் வளையல் ஏறிக்கொண்டிருக்கிறது. முரளியின் அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, "இன்னாடா இவ்ளோ ஜல்தியா வந்துட்ட" என்று கேட்க, பின்னாலிருந்து நல்ல காத்தும்மா, தள்ளிகினு வந்துட்டுது என்று அவர் சொல்கிறார். கூடமே சிரிக்கிறது.

என் காதில் இரைச்சல் நிற்கவில்லை.

"மச்சான்," என்றது போனில் இருந்த குரல். "யாரது, என் கொரல்ல பேசறது?"

நான் படியிலேயே நின்றுவிட்டேன். டிவியில் இருந்தவர் பாபு மச்சான் எங்கே, கண்ணிலேயே படவில்லையே என்று என்னைத் தேடினார். யாரோ கல்பனாவின் போனை என் பக்கம் திருப்பிவிட்டார்கள். டிவியிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். என் காதில் இருந்த போனைப் பார்த்தார்.

"யார் கூட மச்சான் பேசிகினு கீறீங்க?"

கூடத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கல்பனாவும் பார்த்தாள். ஏழு மாத வயிறு, நெற்றி நிறையக் குங்குமம். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் சொல்லுங்கள்.

"ஆபீஸ்ல இருந்து," என்றேன்.

அதை டிவியில் இருந்தவரும் கேட்டார், போனில் இருந்தவரும் கேட்டார். டிவியில் இருந்தவர் சரி சரி என்று சிரித்துவிட்டுக் கல்பனா பக்கம் திரும்பிவிட்டார். போனில் இருந்தவர், கோபம் இல்லாமல், தங்கை வீட்டுக்காரர் நம்மிடம் எப்படிப் பேசுவாரோ அதே மரியாதையோடு, "சரி மச்சான்" என்றார். கால் கட்டாகிவிட்டது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எல்லோரும் போன பிறகு போனை எடுத்துப் பார்த்தேன், கால் வந்ததற்கு அடையாளம் இருந்தது. எனக்குத் தெரிந்த டெலிபோன் ஆட்களைப் பிடித்து விசாரித்தேன், முரளியின் கனடா நம்பரிலிருந்துதான் வந்திருக்கிறது, சந்தேகமே இல்லை என்றார்கள். ஆனால் அப்படி ஒரு கால் போனதாகக் கனடா பக்கம் எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். கம்ப்யூட்டர் குளறுபடி, நம்பர் மாறி விழுந்திருக்கும் என்றான் ஒருவன். நம்பர் மாறி விழலாம், குரல் எப்படி விழும் என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே முரளியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், ப்ளேனில் போன் எடுக்குமா என்று. ஏறினதும் ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்கிவிட்டேன், சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் முழிப்பே வந்தது என்றார். எனக்குப் போன் பண்ணினீர்களா என்றேன். இல்லையே மச்சான் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பிரசவத்துக்கு ஊருக்கு வந்தார். பெண் குழந்தை. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நான் அவரை மாதக்கணக்கில் நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கும்போது பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அறிந்த பழைய விஷயங்களைப் பேச்சில் இழுத்தேன், எல்லாம் சரியாகச் சொன்னார், நான் மறந்ததைக்கூடச் சொன்னார். இடது முட்டியில் சின்ன வயசில் கிணற்றில் விழுந்த தழும்பு அப்படியே இருந்தது. அவர் அம்மா பெற்ற பிள்ளையைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுத் தேவிகாபுரம் பஸ் ஏறினார்கள். தாய்க்கே தெரியாதது எனக்கென்ன தெரியப் போகிறது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கனடா போதும் மச்சான், பனியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்று வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிட்டார். இப்போது களம்பூர் ரைஸ்மில்களுக்கு மோட்டார், பேனல் வேலை பார்க்கிறார், நல்ல பெயர். கல்பனா சந்தோஷமாக இருக்கிறாள். கனடா நம்பரை அவர் வேண்டாமென்று ஒப்படைத்தே வெகுநாளாகிறது. மெல்ல மெல்ல எனக்கும் அது ஒரு கெட்ட கனவு மாதிரி ஆகிவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்பனா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நானும் முரளியும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், குழந்தை அவர் மடியில். என் போன் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் கிடந்தது. அது அடித்தது. "முரளி கனடா."

பேர் மட்டும் இல்லை, அந்த நம்பருக்கு நான் எப்போதோ வைத்த அவர் போட்டோவும் திரையில் வந்தது. அதற்கு எதிரில் அவரே உட்கார்ந்து, தோசையைப் பிய்த்து ஊதி ஊதிக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார். கை தன்னால் போனிடம் போனது. அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பேரையும் படித்தார், போட்டோவையும் பார்த்தார். திடுக்கிடவில்லை. யாருடைய நம்பர் இது, என் பழைய நம்பரிலிருந்து யார் கூப்பிடுவது என்று எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார்.

"எடுக்காதீங்க மச்சான்," என்றார். "கொஞ்ச நேரத்துல அதுவா நின்னுடும்."

அப்படியே நின்றுவிட்டது. அவர் அடுத்த வாய் ஊட்டினார்.

நான் இன்னும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வாராவாரம் அந்த வீட்டுக்குப் போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறேன். கல்பனாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நம்பரை அழித்துவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை போனைக் கையில் எடுத்திருக்கிறேன். அழிக்க மனசு வரவில்லை. அடிக்கும்போது எடுக்கவும் தைரியம் வரவில்லை.